இடது கை தூக்கும் வகுப்பறை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் வெங்கடாசலம் ஐயா அவர்களே! இந்தக் கல்லூரி எழக் கல்லும் மரமும் கழனியும் கொடுத்த கனவான்களே! கற்றுத் தரும் பேராசிரியப் பெருமக்களே! தம்மம்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாய் முன்வரிசையில் இருக்கும் என் தாய்மார்களே! நாளைக்கு ஆசிரியைகளாகப் போகும் என் தங்கைமார்களே! கொண்டப்பநாயக்கன்பட்டிக் கந்தம்மாள் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆண்டு விழாவில் நான் வாழ்த்துரை வழங்குவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். இலக்கியத்தில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற பெண் ஒருத்தி வாழ்த்தினால் சபைக்குச் சிறப்பு என்று எண்ணியிருப்பீர்கள். மன்னியுங்கள். தொட்டில் கயிற்றை ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறு கையால் எழுதி வந்த பேச்சு இது. அதில் வாழ்த்து வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

"சத்தமாப் பேசுங்கம்மா" என்கிறார் பின்னாலிருந்து பெரியசாமி அண்ணன். பேசுகிறேன் அண்ணே. இன்று என் குரல் ஏற்காட்டு மலையில் மோதித்தான் திரும்பும்!

இந்தக் கல்லூரியில் பட்ட வகுப்புப் பெண்களுக்கு இலக்கிய நயம் என்று ஒரு பாடம் உண்டு. பாட்டைப் படித்து அதன் அழகை உணரும் பாடம். அதே பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சியும் உண்டு. உணர்ந்ததைச் சிறுவர்க்கு ஊட்டும் பாடம். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் உள்ளே நடப்பது என்ன?

நான் படித்த காலத்தைச் சொல்கிறேன். எங்கள் பேராசிரியர் பாட்டை ஒரு முறை வாசிப்பார். பிறகு, "எழுதிக்கொள்ளுங்கள். ஆகா! என்னே கவிஞரின் கற்பனை!" என்பார். நாற்பது பெண்கள் நாற்பது பேனாவால் ஆகா என்று எழுதுவோம். "ஆகாவுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டீர்களா?" என்று கேட்பார். போட்டோம் ஐயா, போட்டோம்! ஆச்சரியம் ஒருத்திக்கும் வரவில்லை. ஆச்சரியக்குறி அத்தனை பேருக்கும் வந்தது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

அப்படி ஆகா எழுதிய கைகள்தாம் பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகின்றன. பின்னால் பேராசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அந்த நாளுக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே வகுப்பில் ஒத்திகை. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்த பிள்ளை வலது கை. தெரியாத பிள்ளை இடது கை. பயிற்சி ஆசிரியை வலது கையாகப் பார்த்து எழுப்புவாள். பார்ப்பவர் கண்ணுக்கு வகுப்பே அறிவுக் காடாய்த் தெரியும்!

"நெசந்தானுங்க! எம்பட பொண்ணும் அப்படித்தான் சொல்றா" என்கிறார் மாரக்காள் அக்கா. கேட்டீர்களா தலைவர் ஐயா? நான் ஒருத்தி கட்டி விடும் கதையல்ல.

இதில் என்ன கேடு என்று கேட்கும் கனவான்களுக்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மூத்த மகள் பூவாயி அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். போன மழைக்காலத்தில் அவளுக்குக் காதுவலி. வைத்தியர் மருந்து விட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாள், "வலி போயிருச்சா சாமி? போயிருந்தாக் கையைத் தூக்கு" என்றார். குழந்தை கையைத் தூக்கினாள். மகிழ்ந்துபோய் மருந்தை நிறுத்திவிட்டார். பொழுது சாய்வதற்குள் காதைப் பொத்திக்கொண்டு துடித்தாள். நான் பதறிப்போய், "ஏஞ்சாமி பொய் சொன்னே?" என்றேன். அழுதுகொண்டே என்ன சொன்னாள் தெரியுமா?

"பொய் சொல்லலைங்கம்மா. எடது கையத்தானே தூக்குனேன்?"

சபையோரே! சிரிப்பு நின்றுவிட்டதல்லவா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், வலிப்பதை வலிக்கிறது என்று சொல்லவும் வாயில்லாத பிள்ளையாக என் பிள்ளையை ஆக்கியது யார்? சீர்கெட்ட சகவாசமா? இல்லை. கல்லூரி! பட்டம் கொடுக்கும் கல்லூரி! பாட்டின் நயம் சொல்லித் தரும் கல்லூரி!

இப்போது இன்பமேரிக்கு வருகிறேன். சூரமங்கலம் ரயிலடியில் வேலை பார்க்கும் உபகாரசாமியின் மகள். இந்தக் கல்லூரியின் கடைசி வருஷ மாணவி. போன வாரம் எங்கள் பள்ளியில் அவளுக்குப் பயிற்சித் தேர்வு. பூவாயிக்கு மதியச் சோறு கொடுக்கப் போன நான் சன்னலோரம் நின்று கண்ணாரப் பார்த்தேன்.

மழைக்கு ஏங்கும் ஊரைப் பற்றிய பாட்டு அது. அதில் ஒரு பெண் வெறும்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறாள். இன்பமேரி ஒத்திகை நடத்தவில்லை. "தெரிஞ்சாக் கை தூக்குங்க. தெரியாட்டி மடியில வச்சுக்குங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றுதான் தொடங்கினாள். ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், பானையை ஏன் கவுத்து வச்சா? மழை வந்தா நெறையாதே?"

"எனக்கும் அது புரியலை சாமி. நீங்கதான் சொல்லுங்களேன்."

அவ்வளவுதான். வகுப்பு தேன்கூடு கலைந்ததுபோல் ஆயிற்று. "பல்லி உழுந்துருமுன்னு" என்றது ஒன்று. "போடி, பானை ஓட்டையா இருக்கும்" என்றது இன்னொன்று. அப்போது ஒரு குரல் மெல்ல எழுந்தது. வருஷம் முழுதும் இடது கை தூக்கிய என் மகளின் குரல்.

"அவளுக்குக் கோவங்க டீச்சர். வானத்து மேல கோவம். நீ குடுக்காட்டிப் போ, எனக்கும் வேண்டாம்னு கவுத்து வச்சிட்டா. ஆனாப் பாக்குறா பாருங்க, வருமான்னு."

நான் பட்டம் வாங்கிய காலத்தில் எந்த ஆகாவும் எனக்கு இதைக் காட்டவில்லை ஐயா!

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்ட பேராசிரியை என்ன எழுதினார்? "வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. ஆசிரியை தன் அறியாமையை மாணவரிடமே ஒப்புக்கொண்டாள். பாடலின் நயம் எடுத்துரைக்கப்படவில்லை." தோல்வி! இன்பமேரிக்குப் பட்டம் இல்லை. நாளைக் காலை நிர்வாகக் குழு கூடி அதை உறுதி செய்யப் போகிறது.

மணி அடிக்கிறீர்களா தலைவர் ஐயா? அடியுங்கள். ஆனால் நான் இறங்குவதற்குமுன் இதற்கு விடை சொல்லுங்கள். நயம் என்பது எடுத்துரைப்பதா, எழுந்து வருவதா? ஏமாற்றிக் காட்டியவளுக்கு எண்பது மதிப்பெண், உண்மையாய் நடத்தியவளுக்கு உதவாக்கரைப் பட்டமா? அவளை அனுப்பிவிட்டு யாரை எங்கள் பிள்ளைகளிடம் அனுப்பப் போகிறீர்கள்? இடது கையை எண்ணத் தெரிந்தவர்களையா?

நாங்கள் பிச்சை கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை. அதே பள்ளியில், அதே பாட்டை, ஒத்திகை இல்லாமல் இன்பமேரி மறுபடி நடத்தட்டும். வேறொரு பேராசிரியர் வந்து உட்காரட்டும். பெற்றவர்கள் நாங்களும் சுவரோரம் நிற்கிறோம். இனி எந்தத் தேர்வுக்கும் ஒத்திகை இல்லை என்றும் குழு எழுதட்டும். இந்தத் தீர்மானத்தை இச்சபையின் முன் வைக்கிறேன்.

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். புரியாதவர்கள், ஒப்பாதவர்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். ஆனால் தயவுசெய்து, இடது கை மட்டும் வேண்டாம்!

மாரக்காள் அக்கா தூக்கிவிட்டார். பெரியசாமி அண்ணன் எழுந்து நின்றே தூக்குகிறார். தம்மம்பட்டிக்காரர்கள் வரிசை முழுதும். மாணவிகள்... அஞ்சாதீர்கள் தங்கைகளே, தூக்குங்கள். தலைவர் ஐயா... தலைவர் ஐயாவும்! வலது கை!

முன்வரிசையில் ஒரே ஒரு கைதான் தூங்குகிறது. பூவாயி, உனக்கு என்ன சாமி?

"தீர்மானம்னா என்னன்னு எனக்குத் தெரியலைங்கம்மா" என்கிறாள்.

கேட்டீர்களா! இத்தனை பேர் கை தூக்கிய சபையில், கையை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று நிமிர்ந்து சொல்கிறாள் என் மகள். ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு வகுப்பில் இதைக் கற்றுத் தந்தவளைத்தான் ஐயா தோற்றவள் என்றீர்கள்.

வீட்டுக்குப் போனதும் சொல்கிறேன் சாமி, தீர்மானம் என்றால் என்னவென்று.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்காமல் கை தூக்கிய தாய்மார்களுக்கும், மணியைக் கீழே வைத்துவிட்ட தலைவர் ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.