மூன்றாவது தண்ணீர்

ஊலாங் என்கிற சீன டீயில் ஒரே இலைக்கு மூன்று தடவை வெந்நீர் ஊற்றுவோம், முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், ஐயா. அது இலையைக் கழுவத்தான். இரண்டாவதில் இலை பாதிதான் விரியும். மூன்றாவதில்தான் முழு வாசனையும் இறங்கும். எங்கள் சின்ன மண் கெண்டியில் ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் வரும். இரண்டாவது எனக்கு, மூன்றாவது தங்கைக்கு. நல்லதை அவளுக்கு ஒதுக்கியே பழகிவிட்டேன். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. நான்தான் தலை வாரிவிட்டு, பக்கத்தில் படுக்க வைத்து ஆளாக்கினேன்.

அவளுக்கு வெளியூர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

"மாசம் ஒருவாட்டி வந்துடுவேன்க்கா. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கிண்டல் செய்தாள்.

கிளம்பவேண்டிய அன்று, என் கோப்பையை ஊற்றிக்கொண்ட பிறகு, என் தூக்க மாத்திரைகளில் இரண்டைப் பொடித்துக் கெண்டியில் போட்டேன். அவள் தூங்கிப்போனாள், ரயில் போய்விட்டது. அடுத்த வாரமும் அப்படியே. டாக்டர் உடம்புச் சோர்வு என்றார். "எனக்கு என்னக்கா ஆச்சு, இப்படித் தூங்கித் தொலைக்கிறேன்" என்று என் மடியில் படுத்து அழுதாள். அந்த இரண்டு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது தடவைதான் கடைசி வாய்ப்பு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் டீயைக் குடித்து முடித்தவள், படுக்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வீட்ல இருந்தா மறுபடி தூங்கிடுவேன்க்கா. இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் உக்காந்துக்கறேன்."

வாசலில் நின்று செருப்பு மாட்டினாள். ஒரு வார் சரியாக மாட்டவில்லை, நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன்.

அந்த லாரி டிரைவரை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறார். இவள்தான் கண் அசந்து குறுக்கே போயிருக்கிறாள்.

தடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வார் மாட்டும்போது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் டீயில் என்ன இருந்தது என்று சொல்லியிருந்தால், அவள் என்னை விட்டு ஒரேயடியாகப் போயிருப்பாள்.