ரெண்டு பல் போன நீலச் சீப்பு

— அப்புறம்? நிறுத்திட்டியே. தூங்கிட்டியா கண்ணு?

— இல்லக்கா... உங்க விரல் தலைக்குள்ள போனாலே எங்கேயோ மிதக்கிற மாதிரி ஆயிடுது. எதுல விட்டேன்?

— நாளைக்கு மேடையில பேசப்போறதை.

— ஆமா. நகரசபையில நம்ம சுருட்டை முடிச் சனத்துக்குன்னு இருக்கிற ஒரே நாற்காலி. நாளையிலேர்ந்து நான். அதுக்குத்தான் இந்தப் பின்னல்.

— நாப்பது பின்னல். பேசாம குனிஞ்சா பொழுது சாயறதுக்குள்ள முடியும். நீயோ பேசாம இருக்க மாட்டே. சொல்லு.

— "சுருட்டை முடியோட வேலைக்குப் போனா, சீவிட்டு வான்னு திருப்பி அனுப்புவாங்க"ன்னு ஆரம்பிக்கிறேன்.

— உன்னை அனுப்பினாங்களா?

— ம்... நம்ம ஆளுங்களை அனுப்பியிருக்காங்கல்ல.

— என்னை ரெண்டு தடவை. சரி, மேல.

— அப்புறம் சின்ன வயசு. அம்மா ஜன்னலோரம் உக்கார வச்சு சிக்கெடுப்பாங்க. வெயில் தரையில நகர்ந்துக்கிட்டே இருக்கும். சீப்பு இறங்குற சத்தம், மணல்ல மழை விழற மாதிரி...

— ம்.

— நீலச் சீப்பு. அதுல ரெண்டு பல் இருக்காது...

— ரெண்டு பல்லா?

— அக்கா? ஏன் கை நின்னுடுச்சு?

— அது எங்கம்மா சீப்பு.

— எல்லார் வீட்லயும் ஒரு நீலச் சீப்பு...

— அந்த ரெண்டு பல்லும் நான் கடிச்சு உடைச்சது. போன மாசம் இதே கடையில பின்னும்போது உனக்குச் சொன்னேன். நீ தூங்குறேன்னு நெனச்சேன்.

— தூங்கலக்கா... நெனச்சு நெனச்சு எங்கம்மாவே சிக்கெடுத்த மாதிரி ஆயிடுச்சு. கனவுல கூட அந்த ஜன்னல் வருது.

— கனவு உன்னோடதா இருக்கட்டும். ஜன்னல் என்னோடது.

— அப்ப... நான் உங்க சனம் இல்லைன்னு...

— முதல் நாளே தெரியும்.

— எப்படி? மருந்து வாசனையா?

— முடியை மருந்து போட்டுச் சுருட்டிடலாம். காதை என்ன பண்ணுவே?

— காதா?

— சீப்பு கிட்ட வந்தா எங்க பொண்ணுங்க கை தானாப் போய்க் காதை மடக்கும். சிக்குல இழுத்த சீப்பு காதுல கீறி, அஞ்சு வயசுல படிச்ச பாடம். கிழவியானாலும் மறக்காது. நீ ஒரு தடவையாவது மடக்கியிருக்கணுமே.

— ஆறு மாசமா தெரிஞ்சேவா பின்னினீங்க... அந்த நாற்காலிக்கு வேற யாரும் கேட்டாங்களாக்கா?

— எதிர்த்தாப்ல சலவைக் கடைக்காரி கேட்டா. பேச வரலைன்னு அனுப்பிட்டாங்களாம். அவளுக்கும் இங்கதான் பின்னல்.

— அவங்க இடத்துலயா நான்...

— பாதித் தலை ஆகியிருக்கு. பின்னவா, அவிழ்க்கவா?

— அவிழ்த்துடுங்க... நாற்காலி வேண்டாம்னு காலையில எழுதிக் கொடுத்துடுறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. இத்தனை நாள் ஏன் யார்கிட்டயும் சொல்லல?

— என் பொண்ணு அவங்கப்பா நிறம். முடியை நேராக்கிக்கிட்டு, உங்க சனத்துப் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு, ஏதோ ஒரு ஆபீஸ்ல இருக்கா. நாலு வருசமா வீட்டுப் பக்கம் வரல. ஆனா சீப்பைக் கண்டா அவ கை காதுக்குப் போயிடும்... அங்க அவளுக்குத் தலை வாரிவிடுறவ அதைப் பாத்திருப்பா இல்ல? நான் உன்னைச் சொல்லாத மாதிரி அவளும் வாயைத் திறக்காம இருக்கணுமேன்னுதான்.