சாத்தம் படகில் ஒரு சாக்கு மூட்டை

— பைய வையிங்க. தலை அந்தப் பக்கமா இருக்கு.

— ஏட்டி ரீத்தா, தலை வாலுன்னு பேசாத. யாரும் கேட்டா கருவாடு. பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டு, முன்னால காலை நீட்டிக்க.

— கருவாடு மூச்சு விடுமா? சாக்கு ஏறி எறங்குது பாருங்க.

— சேலைய இழுத்து மூடு. சாத்தம் படகுத்துறை ஜெட்டியில பெரிய கப்பல் வந்து நிக்குலா, சனம் பூரா அதைத்தான் வேடிக்கை பாக்கு. நம்மள யாரு பாக்கப் போறா? படகு கெளம்பட்டும். அக்கரை பாம்பூஃப்ளாட்டுல டவுன் போர்டு சட்டம் செல்லாதாம், பக்கத்து வீட்டு இருதயநாதன் சொன்னான். நாய் சுடுற சட்டமெல்லாம் கடல் இந்தப் பக்கத்தோட சரி.

— அங்க விட்டுட்டு வந்தா உங்களுக்கு யாரு கரை காட்டுவா? அந்தி சாஞ்சா நீட்டின கை தெரியல உங்களுக்கு. மோத்தி கரையில நின்னு குரைக்கிற சத்தத்தை வச்சுத்தானே வீடு வந்து சேருதீங்க.

— செத்த நாய் குரைக்குமாட்டி? முந்தாநாள் பக்கத்துத் தெருவுல வெடிச்ச வெடி உன் காதுல விழலியா? உன் தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் கெடக்கட்டும். ஊர் அடங்கினதும் கூட்டியாந்துருவோம்.

— ஏனுங்க, சித்த நகந்து குடுக்கறீங்களா? அந்தப் பக்கம் வெயில் மண்டையப் பொளக்குதுங்க.

— உக்காருங்க சார், தாராளமா.

— ஏங்க. காதைக் குடுங்க, திரும்பிப் பாக்காதீங்க. மாதாவே, இது போர்டு இன்ஸ்பெக்டரு. ராஜமாணிக்கம். வாசல் வாசலா வந்து நாய் இருக்கான்னு கேட்டவரு. தோள்ல நீளமா உறை போட்டு என்னமோ மாட்டியிருக்காரு.

— பாத்துட்டேன். சும்மா இரு. சிரிச்ச மாதிரி இரு.

— என்னங்க சாக்குல?

— கருவாடு சார்.

— வாசமே காணமுங்களே.

— நல்லாக் காஞ்சது சார்.

— இந்தத் தீவுக்கு வந்து ஏழெட்டு வருசமாச்சுங்க. வாசமில்லாத கருவாட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன். டீக் ஹை, இருந்துட்டுப் போகட்டுமுங்க.

— சார், ஒண்ணு கேக்கலாமா? இந்த நாய் சட்டத்தை யாரு சார் போட்டது?

— ஏட்டி.

— கேட்டா என்ன? சார் படிச்சவரு.

— கேக்கட்டுமுங்க. ஒருத்தரு போட்டதில்லீங்கம்மா. பஜார்ல ஒரு பெங்காலி வீட்டுப் புள்ளைய நாய் கடிச்சுப்போடுச்சு. ஊர்க்காரங்க மனு குடுத்தாங்க. போர்டு மெம்பருங்க கூடி, கழுத்துல லைசென்ஸ் வில்லை, அதான் நம்பர் போட்ட தகடு, இல்லாத நாயைச் சுடறதுன்னு எழுதினாங்க. எழுதினதை ஆபீஸ் சுவத்துல ஒட்டி, ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு ஒரு மாசம் விட்டாங்க. யாரும் வரலீங்க. பொறகு எல்லாரும் கையத் தூக்கினாங்க, பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டாரு, கெஜட்ல வந்துது, தமுக்கு அடிச்சோம். அவ்வளவுதானுங்க சட்டம்.

— எந்தப் பாசையில சார் ஒட்டினாங்க?

— இங்கிலீஷு, ஹிந்தி.

— எங்க வீட்டுல நாய்க்குத் தெரிஞ்ச ஹிந்திகூட எனக்குத் தெரியாது சார். அதுலயும் படிக்கவா?

— ஏட்டி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட? சார், எங்க வீட்டுல நாய் கெடையாது. முன்னால இருந்துச்சு. அதைச் சொல்லுதா.

— டீக் ஹைங்க.

— அப்போ இருந்தப்ப உங்க ஆபீசுக்கு நடையா நடந்தேன் சார், ஒரு வில்லை குடுங்கன்னு. கப்பல்ல வரணும், வரணும்னே சொல்லி அனுப்பினாங்க.

— மெட்ராஸ்ல அடிச்சுல்லங்க வரணும்? கப்பல் வந்தாத்தானே வில்லை?

— வில்லை வராம சட்டம் மட்டும் எப்படி சார் வந்துச்சு?

— சட்டத்துக்குக் கப்பல் வேண்டியதில்லீங்கம்மா. தோட்டாவும் இங்கயே இருந்துது. அதான் ரெண்டும் முந்திக்கிச்சு. எனக்கும் ராத்திரி தூக்கம் புடிக்கறதில்லீங்க. போன வாரம் ஒண்ணு வாலை ஆட்டிட்டே கிட்ட வந்துது. வேண்டாம், விடுங்க.

— ஏங்க. இன்ஜின் சத்தம் கொறையுது.

— தெரியுது. அது வாயக் கெட்டியாப் பிடி.

— பிடிச்சிருக்கேன். கரை வந்தா அது குரைக்காம இருக்காதுங்க. நீங்க பழக்கினதுதானே.

— சாக்கு மேல சாஞ்சுக்க. நல்லா.

— ஏனுங்கம்மா, குனிஞ்சுட்டீங்க? ஒடம்பு முடியலீங்களா?

— தலை சுத்துது சார். படகுன்னா எனக்கு ஆகாது.

— மீன்புடிக்கிற வூட்டுப் பொம்பளைக்கா?

— அவளுக்கு எப்பவும் அப்படித்தான் சார். சார், அங்கன பாருங்க, ஜெட்டியில உங்களுக்கு யாரோ கையக் காட்டுதாங்க.

— காட்டட்டுமுங்க. எனக்காகத்தான் நிக்கறாங்க.

— வள். வள் வள்.

— கருவாடு குரைக்குதுங்களே.

— சார், கால்ல விழுதேன். அது யாரையும் கடிச்சதில்ல. எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது சார், இருட்டுல அது குரைச்சாத்தான் கரை எந்தப் பக்கம்னு தெரியும். என் தொழிலே அதோட தொண்டையிலதான் கெடக்கு. டவுனுக்குள்ள இனிமே கொண்டு வர மாட்டேன். இவ தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போயிருதேன். இங்கன உங்க சட்டம் செல்லாதுலா சார்?

— எந்திரிங்க மொதல்ல. செல்லாதுன்னு யாரு சொன்னாங்க?

— எல்லாரும் சொல்லுதாங்க.

— எல்லாரும் சொன்னாங்க, எல்லாரும் கொண்டாந்து விட்டுப்போட்டாங்க. கருவாடு, தேங்கா, பழைய துணின்னு சாக்கு சாக்கா. இப்ப இந்தக் கரை பூரா டவுன் நாய்ங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ரெண்டைக் கடிச்சுப்போடுச்சு. இந்த ஊர்ப் பஞ்சாயத்துக்காரங்களும் அதே மாதிரி எழுதி, ஒட்டி, கையத் தூக்கி, தமுக்கும் அடிச்சாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் ஆரம்பமுங்க.

— ஏங்க, சாக்கைத் தூக்குங்க. ஏங்க.

— சார், அப்போ உங்க தோள்ல இருக்கது...

— சுடறதுக்கு இவங்ககிட்ட ஆள் இல்லீங்க. டவுன் போர்டைக் கேட்டாங்க, என்னை அனுப்பியிருக்காங்க.

— மாதாவே, நாமளே கொண்டாந்து குடுத்துட்டோமே. சார், பிள்ளை மாதிரி வளத்தது சார். இங்க வேண்டாம், என் கண்ணு முன்னால வேண்டாம்.

— அழுகாதீங்கம்மா, ஜெட்டியில நிக்கறவங்க பாக்கறாங்க. சாக்கு வாயச் சித்த தளத்தி விடுங்க, மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் எறங்கறேன், நீங்க ரெண்டு பேரும் எறங்காதீங்க. இதே படகுல திரும்பிப் போங்க. டவுன்ல சுடறதை நேத்தே நிறுத்தியாச்சுங்க, தமுக்குத்தான் இன்னும் அடிக்கலீங்க. நீங்க ஏறின ஜெட்டியில நிக்குதே கப்பலு, வில்லை அதுலதானுங்க வந்திருக்குது.