ஒலி பாய் அழித்த வரி

ஃபர்சானா: தமிழ்லயே சொல்லுங்க அண்ணே. கைடு பக்கத்துல இங்கிலீஷ்ல நான் எழுதிக்கிறேன்.

மிதுனன்: அஞ்சாவது தடவை லா... சரி. "நம்ம ஃபைல்ல யார் எதை மாத்தினாலும் 'கிட்' மென்பொருள் பதிஞ்சு வச்சுக்கும். ஸ்கேன் படத்த அது எழுத்து ஃபைலா நினைக்கக் கூடாதுன்னா, செட்டிங் ஃபைல்ல படத்துக்கான வரியில 'டெக்ஸ்ட்'டுக்கு முன்னால மைனஸ் போடணும்." போதுமா?

ஃபர்சானா: வரியே இல்லாட்டி?

மிதுனன்: மேல 'எல்லாமே டெக்ஸ்ட்'னு ஒரு வரி இருக்குல்ல, அது பிடிச்சுக்கும். வரி முடிவத் திருத்துறேன்னு படத்துக்குள்ள கைய வைக்கும். அப்புறம் படம் திறக்காது.

ஃபர்சானா: அதத்தான் பழைய பக்கம் சொல்லல. மைனஸ்னா 'வேண்டாம்'. வரி இல்லாட்டி 'நான் ஒண்ணும் சொல்லல'. ரெண்டும் ஒண்ணா?

மிதுனன்: என் வீட்டுல ஒண்ணுதான். என் பொண்டாட்டி யோகம் பேசாம இருந்தா வேண்டாம்னு அர்த்தம்.

ஃபர்சானா: அண்ணிகிட்ட சொல்றேன் இருங்க.

மிதுனன்: ஐயோ... நீ எழுதும்மா.

ஃபர்சானா: எழுதிட்டேன். அஞ்சு மணிக்கு மேனேஜர் ராஜீவ் நம்ம டீம் ஒலி பாயக் கூப்பிட்டிருக்காரு.

மிதுனன்: தெரியும்.

ஃபர்சானா: செம்பவாங் கப்பல் பட்டறையில இருபது வருஷம் வெல்டிங் பண்ணிட்டு, படிச்சு இங்க வந்தவரு. ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு வாரம். கவனமில்லாம அந்த மைனஸ் வரிய அழிச்சாருன்னு அனுப்பிடுவாங்க...

மிதுனன்: கெட்டுப்போன படமெல்லாம் திரும்ப எடுத்தாச்சே!

ஃபர்சானா: அவரு நல்ல பேர எங்கேர்ந்து எடுப்பீங்க?

மிதுனன்: அவரு என்ன சொல்றாரு?

ஃபர்சானா: ஏன் பாய் அழிச்சீங்கன்னு கேட்டா, "என் தப்புதான் தங்கச்சி"ன்னு சிரிக்கிறாரு.

மிதுனன்: சிரிச்சாரா?

ஃபர்சானா: மதியம் தே தாரிக் டீ வாங்கிட்டு வந்தாரு. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.

மிதுனன்: ஃபர்சானா... அவரு எங்கிட்ட கேட்டாரு. "ஸ்கேன் படத்துக்கு டெக்ஸ்ட் வேண்டாமே, இந்த வரி எதுக்கு?"ன்னு. லிஃப்ட் வந்துடுச்சு. "ஆமா வேண்டாம், விட்டுடுங்க பாய்"னுட்டேன். இருக்கிறபடி விடுங்கன்னுதான் சொன்னேன். அவரு வரிய எடுத்துடச் சொன்னேன்னு நினைச்சுட்டாரு...

ஃபர்சானா: ரெண்டு நாளா ஏன் சொல்லல?

மிதுனன்: போன வருஷம் ஒரு வார்னிங் வாங்கினேன். இது ரெண்டாவது ஆனா வேலையே போயிடும்.

ஃபர்சானா: மணி நாலே முக்கால்.

மிதுனன்: எழுந்துட்டேன் பாரு. நான் போய் சொல்றேன். அது சரி, உனக்கு ஏன் ஆச்சரியமே இல்ல?

ஃபர்சானா: அன்னைக்கு லிஃப்டுக்கு உங்க பின்னாடி நின்னது நான்தான் அண்ணே. நானும் வாயத் திறக்கல... அல்லா மன்னிக்கட்டும். வாங்க, நானும் வரேன்.