விலக்குக் கடிதத்தில் ஒரு கறை

லேமினேஷன் மெஷின் சூடாக நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் பாதிப் பேர் தங்கள் குடும்பக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பதினொரு வருடமாக இந்த நகல் கடையை நடத்துகிறேன், மேடம். யாருக்கு என்ன வியாதி, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டது, எல்லாமே இந்தக் கண்ணாடித் தட்டின் மேல் குப்புறப் படுத்து எழுந்தவைதான். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. நீங்கள் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருப்பதால் திறக்கிறேன். அந்த நாற்காலி ஆடும், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்காருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் கட்டாயம் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. எல்லாரும் போட்டுக்கொண்டால் நோய் எந்த வழியாக வரும்? வழியே இல்லாதபோது என் ஒரு பிள்ளையை எதற்காக அழவைக்க வேண்டும்? ஊரே குடை பிடித்து நிற்கும்போது நடுவில் நிற்கிறவன் தலை நனையாது.

என் மகனுக்கு நான்கு மாதம் இருக்கும்போது போட்ட ஊசிக்கு முகம் நீலம் பாரிக்கும்வரை அழுதான். அன்றைக்கே அவன் காதில் சொன்னேன், இனி உன்னை யாரும் குத்த விடமாட்டேன் என்று. நான்கு மாதக் குழந்தைக்கு என்ன புரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்குப் புரியாவிட்டால் என்ன, சொன்னது நான் அல்லவா?

மூன்று வயதில் அவனைக் காப்பகத்தில் சேர்க்கப் போனேன். அதை நடத்துகிற அம்மாவை எல்லாரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தடுப்பூசி அட்டை, இல்லாவிட்டால் டாக்டர் கொடுத்த விலக்குக் கடிதம், இரண்டில் ஒன்று இல்லாமல் பிள்ளையின் செருப்பைக்கூட உள்ளே விடமாட்டாராம். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு வாசலும் இருக்கும். அந்த வாசலுக்குச் சாவி என் தம்பி வீட்டில் இருந்தது.

தம்பியின் மகளைச் சொல்கிறேன். பெயர் எதற்கு, நாங்கள் மிளகு என்போம். உருவம் அவ்வளவுதான், காரமும் அவ்வளவு. அவளுக்கு ரத்தப் புற்றுநோய். பெரிய சிகிச்சை முடிந்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த உடம்புக்குத் தடுப்பூசி ஆகாது என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் அவளையும் அதே காப்பகத்தில்தான் சேர்த்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி போட்டாயிற்று என்று பெரிய டீச்சர் பட்டியலைக் காட்டிய பிறகுதான் டாக்டர் சரி என்றாராம். தம்பி மனைவி அந்தப் பட்டியலை மூன்று தடவை படித்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

"அண்ணி, இந்தக் கடிதத்தை லேமினேட் பண்ணிக் குடுங்க. கைல வச்சு வச்சு நைஞ்சு போச்சு. இது தொலைஞ்சா அந்த டாக்டரைப் பிடிக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்," என்றாள்.

மிளகு மேஜை மேல் ஏறி உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என்னையும் இதுக்குள்ள போடுவியா?"

"எதுக்குடி மருமகளே?"

"கசங்கமாட்டேன்ல."

"நீ இன்னும் கொஞ்சம் வளரு. பெரிய மெஷின் வாங்கிப் போடறேன்," என்றேன்.

என் மேல் அவளுக்கு உயிர். வேறு யார் ஊட்டினாலும் மாத்திரையைத் துப்புவாள், நான் கொடுத்தால் விழுங்குவாள்.

லேமினேட் செய்வதற்கு முன் எதையும் ஒரு பிரதி ஸ்கேன் எடுத்து வைப்பது என் வழக்கம். மெஷின் சில சமயம் தாளைத் தின்றுவிடும். அப்படித்தான் அந்தக் கடிதம் என் கணினியில் தங்கியது. சும்மாதானே கிடந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் மாற்ற எனக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் ஒரு வரி இருந்தது: "சுற்றியுள்ள குழந்தைகள் அனைவரும் தடுப்பூசி போட்டிருப்பதே இக்குழந்தைக்குப் பாதுகாப்பு." அதை அப்படியே விட்டுவைத்தேன். நியாயமான வரி.

மேல் மூலையில் மருந்துச் சொட்டு விழுந்து இளஞ்சிவப்பாக ஒரு கறை. நீங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தீர்களே, அதுதான். அழிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. வேண்டுமென்றேதான் விட்டேன். கறை இல்லாத கடிதத்தை யார் நம்புவார்கள்? தொழில் தெரிந்தவளுக்கு வருகிற கர்வம் அது. அந்த ஒரு விஷயத்தில் தவறு என் மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு என் மகனை மேலும் கீழும் பார்த்தார். அவன் பத்தொன்பது கிலோ. கன்னம் இரண்டும் பன்.

"மாத்திரை வீக்கமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். குடும்பத்திலேயே இருக்கிறது, தம்பி மனைவியிடம் மட்டும் இதைப் பற்றிப் பேசிவிடாதீர்கள், தாங்கமாட்டாள் என்றேன். நல்ல மனசு அவருக்கு. அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். மற்ற பிள்ளைகளின் சளியும் இருமலும் ஒட்டக் கூடாது என்று ஜன்னலோரமாக ஒரு குட்டி மேஜை போட்டு, "பாவம், ரெண்டும் தனியா ஒண்ணா உக்காரட்டும்" என்று என் மகனையும் மிளகையும் அதில் உட்கார வைத்தார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது. நாற்பது பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று, ஊசி போடாத ஒரே ஆளைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்தால் என்ன சொல்வது? தம்பி மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. அத்தை மகன் துணைக்கு இருக்கிறானாம், இனி ஆபீசில் நிம்மதியாக வேலை பார்ப்பாளாம். நான்தான் டீச்சரிடம் கேட்டு அப்படி ஏற்பாடு செய்தேன் என்று சொல்லிவைத்தேன். நன்றி சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு வெளியூர் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் புகைப்படம் எடுக்கக் கடைக்கு வந்தது. அவர்கள் பிள்ளைக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் மகன் அவனுக்குத் தன் காரைக் கொடுத்து விளையாடினான். தாராள குணம், என்னைப் போல.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இவனுக்கு இருமல். செவ்வாய், புதனும் காப்பகத்துக்கு அனுப்பினேன். கடையில் வேலை தலைக்கு மேல். வியாழக்கிழமை காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளிகள். ஊரின் அந்தக் கோடியில் நம்மைத் தெரியாத ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தட்டம்மை என்றார்.

"காப்பகத்துக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க. பலவீனமான குழந்தை யாராவது கூட இருந்திருந்தா, ஒட்டி ஆறு நாளுக்குள்ள கூட்டிட்டு வந்தா ஒரு மருந்து போட்டுத் தடுத்துப் பாக்கலாம். அதுக்கப்புறம் பிரயோஜனமில்ல," என்றார்.

எண்ணிப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். எண்ணினேன். திங்களிலிருந்து எண்ணினால் வியாழன் நான்காம் நாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். வேர்க்குரு, கொஞ்ச நாள் வரமாட்டான் என்றேன். அன்று மாலை மிளகே போனில் வந்தாள். ஜன்னல் மேஜையில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லையாம், அவன் எப்போது வருவான் என்று கேட்டாள். சீக்கிரம் வருவான் என்றேன். உண்மையைச் சொன்னால் கடிதம் வெளியே வரும். கடிதம் வந்தால் தம்பி மனைவியின் மனசு என்ன பாடுபடும்? ஏற்கெனவே நொந்தவள். நான் அவளைப் பற்றித்தான் யோசித்தேன்.

ஏழாம் நாள் எனக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டார், இனிப் பிரயோஜனமில்லை என்று. பிரயோஜனமில்லாததைச் சொல்லி ஒரு தாயை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

அடுத்த வாரம் மிளகுக்குக் காய்ச்சல். நுரையீரல் வரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள். தம்பி மனைவி என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். "எங்கிருந்து வந்துச்சு அண்ணி, எல்லாருக்கும் போட்டாச்சுன்னாங்களே," என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். மாத்திரையும் நான்தான் ஊட்டினேன். கடைசி இரண்டு நாள் அதையும் விழுங்க முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தம்பி ஒரு படம் கொண்டுவந்தான், கூடத்தில் மாட்ட. ஆஸ்பத்திரியில் எடுத்தது, முகமெல்லாம் புள்ளி. கணினியில் ஒவ்வொரு புள்ளியாக நான் அழித்தேன், மேடம். ஒன்பது நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை அது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். இந்த முறை ஒரு கறைகூட விடவில்லை. அப்புறம் நான்கு நிமிடம் மெஷினைச் சூடாக்கி உள்ளே விட்டேன். ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. தம்பி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீ இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்க்கா" என்றான்.

ஆமாம். கடிதத்தைச் செய்தது நான். நோயை மறைத்தது நான். அந்த இரண்டு நாளைத் தெரிந்தேதான் கடத்தினேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் எழுதாதீர்கள். நான் வாக்குக் கொடுத்த நாளிலிருந்து என் மகனை யாரும் குத்தவில்லை. தட்டம்மை வந்து போய்விட்டதால் இனி அந்த ஊசியே வேண்டாமாம். மிளகும் இனிக் கசங்கமாட்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்த வாக்கில் நான் ஒன்றைக்கூடத் தவறவில்லை.