கல்வாழைத் தொட்டிக்காக ஒரு சாட்சி

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் வைரவன் அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசர அவசரமாக வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, கோட்டூர்புரம் குடியிருப்பின் குன்றாத குரல்களே! உங்கள் நலச்சங்கச் செயலாளர் ராஜரத்தினத்தின் வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஜமீலுன்னிசாவின் மீன் பண்ணையை மூடச் சொல்லித் தீர்மானம் போட! போன வருடம் அந்தப் பண்ணைத் தண்ணீர் நாறியது, உண்மை. மூக்கைப் பொத்தினோம், உண்மை. அந்த அம்மா என்ன செய்தார்? கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் ஜல்லித் தொட்டியில் விட்டார். கல்வாழை நட்டார், ஆகாயத்தாமரை மிதக்கவிட்டார். ஜல்லியில் படிந்த நுண்ணுயிர்கள் மீன் கழிவின் நஞ்சை முறித்து உரமாக்கின. அந்த உரத்தைச் செடிகள் உண்டன. தெளிந்த தண்ணீர் மீனிடமே திரும்பியது. நாற்றம் போனதா, இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

"அதெல்லாம் சரி நைனா, போன வாரம் மீனு பூரா செத்து மெதந்துச்சே, அதுக்கு இன்னா சொல்ற?"

கேட்டாரே கடைசி வரிசை சுரேஷ்குமார், அது கேள்வி! நானூறு மீன், ஐயா! வாயைப் பிளந்து, வயிறு வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக! பார்த்த நான் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு ஓடினேன். செடியை நம்பியதுதான் மோசம் என்றீர்கள் எல்லோரும். நான் ஏன் ஓடினேன் என்று யாராவது கேட்டீர்களா?

சொல்கிறேன். அதற்கு முந்தைய நாள் பண்ணையைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பெரிய மனிதர்கள் வந்தால் நாம் என்ன செய்வோம்? தெருவின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர்! முப்பது வருடமாக அந்தத் திருப்பணி என்னுடையது. அன்று காலை மூட்டையோடு பண்ணைக்குள்ளும் போனேன். ஜல்லியைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. "அத்த மட்டும் கழுவிடாதீங்கண்ணா, அதுலதான் உசுரு கீது" என்று ஜமீலுன்னிசா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். அட, அழுக்கில் என்ன உயிர்? விருந்தினர் முகம் சுளித்தால் நம் மானம் என்னாவது? அள்ளினேன், தூவினேன். தொட்டி முழுக்க அள்ளி அள்ளித் தூவினேன், ஐயா!

திட்டுங்கள். ஆனால் கொடுமையை முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்!

நுண்ணுயிர்கள் செத்தன. பவுடரின் காரமும் கழிவின் நஞ்சும் சேர்ந்து மீனிடம் போய்விட்டன. நேற்று அந்த அம்மா தன் செடிகளைத் தன் கையாலேயே பிடுங்கினார். "எங்கியோ நான்தான் தப்பு பண்ட்டேன்ணா" என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கினார். நான் பக்கத்தில் நின்று கூடை பிடித்தேன்! வாய் திறந்தேனா? இல்லை! சீ, நானும் ஒரு மனிதனா?

ஜமீலுன்னிசா எழுந்துவிட்டார். அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"பிளீச்சிங் பவுடரா போட்டீங்க? அப்போ... என் செடி மீன சாவடிக்கலியாண்ணா?"

இல்லையம்மா. நான்தான்.

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தில் பண்ணையின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். யாரும் கைதட்டாதீர்கள், உடம்பு கூசுகிறது. இவ்வளவு கேட்ட பிறகும் செருப்பைக் காலிலேயே வைத்திருக்கும் உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வணக்கம்.