பாலத்தில் கட்டிய கல்யாணப் புடவை

புயல் மழையில் நெடுஞ்சாலைப் பாலம் பாதி இடிந்துபோனதால், நகரியிலிருந்து திருப்பதி போகும் எங்கள் பஸ் சுற்றுவழியில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வூட்டுக்காரு பொண்ணோட கல்யாணப் பொடவைய ரோட்டுக்குக் குறுக்கால கட்டிட்டாருக்கா,” என்றாள் ஒருத்தி.

“என்னாத்துக்குடி?” என்றாள் மூத்தவள்.

“விடியக்காலைல தறிக்குப் போய்க்கினு இருந்தவரு, பாலம் உழுந்து கெடக்கறதப் பாத்துக்கிறாரு. வண்டிங்கள நிறுத்தணும்னு மொதல்ல கையில இருந்த நூல இழுத்துக் கட்டினாராம். வெள்ள நூலு மழையில தெரியல. வூட்டுக்கு ஓடியாந்து, அவரே தறியில நெஞ்ச செவப்புப் பொடவைய எடுத்துக்கினு போயிட்டாரு.”

“தறிக்காரருக்கு வேற என்னாடி தோணும். வண்டி வந்துச்சா?”

“சித்தூர் பஸ்ஸு, நெறைய ஜனம். பொடவையப் பாத்துட்டு பள்ளத்துக்கிட்ட நின்னுச்சு.”

“பெரிய மனுசன்டி. பொண்ணு என்னா சொல்லுச்சு?”

“ரெண்டு நாளு நைனாகிட்ட பேசல. நேத்து அதுவா கெளம்பிப் பாலத்துக்குப் போச்சு. அவுத்துக்கினு வரப்போவுதுன்னு நெனச்சேன். வெறுங்கையோட வந்து, ‘முடிச்சு லூசா இருந்துச்சு நைனா, இறுக்கிக் கட்டிட்டேன்’னுச்சு.”